முதல் ஓலையன்று எழுந்து நின்றது யார்?

எங்கள் வீட்டில் முதலில் பழியைச் சுமந்தது காப்பிதான்.

என் கணவர் பிரான்சிஸ் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கெழுதுகிற வேலை. நான் அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். காப்பிச் செடிகளுக்கு நடுவே குடியிருப்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வருடம் மழை ஓய்ந்து பழம் பறிக்கத் தொடங்கிய சமயத்தில், கரும்பலகையில் நான் எழுதிய எழுத்துகள் நடுங்க ஆரம்பித்தன. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். காப்பியைக் குறைக்க வேண்டும்.

குறைத்தேன். பிறகு அடியோடு நிறுத்தினேன். தலை வலித்தது, எரிச்சல் வந்தது. காப்பியை நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். குடித்தாலும் அதுதான் காரணம், குடிக்காவிட்டாலும் அதுதான் காரணம் என்றால் அது காரணமே இல்லை என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தோன்றியிருக்கும். எங்களுக்கு நான்கு மாதம் தோன்றவில்லை.

இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது அதைத்தான். உடம்பில் ஒரு மாற்றம் வந்தால் நாம் கைக்கெட்டுகிற காரணத்தை எடுத்துக்கொள்கிறோம். மலையில் இருக்கும் எங்களுக்குக் கைக்கெட்டியது காப்பி. உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். அதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் குளிர் இறங்கியபோது கூத்து இன்னும் கூடியது. பிரான்சிஸ் ஸ்வெட்டர், அதன்மேல் மப்ளர், தலையில் குல்லாய் என்று ஒரு மூட்டையாக உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பேன். ஏற்காட்டுக் குளிரில் கம்பளி வேண்டாம் என்கிற மனுஷியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உன் பக்கத்துல உக்காந்தா கணப்பு மூட்டவே வேண்டாம் போலிருக்குது" என்றார்.

இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். ஆனாலும் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனது. மேடும் பள்ளமுமாக நடந்தால் இளைக்காமல் என்ன செய்யும் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

கண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலிமைகள் கொஞ்சம் மேலே ஏறிவிட்டன. கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது. நான் சாதாரணமாகப் பார்த்தாலே முறைப்பது போல இருக்கும். ஒரு நாள் வருகைப்பதிவு எடுக்கும்போது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "நான் ஒண்ணும் பண்ணலைங்க டீச்சர்" என்று கேட்காமலே அழுதாள். எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் பயந்த பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னார்கள். தப்பாகச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது, கத்தினேன். என் முகம் முதலில் கோபப்பட்டது, நான் பிறகு போய்ச் சேர்ந்துகொண்டேன். பிற்பாடு இதை யோசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் திகிலும் இருந்தது. கோபம் உள்ளேயிருந்து வெளியே வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாய் தகப்பனைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவள் நான். என்னைத் தூக்கி வளர்த்து, டீச்சர் ட்ரெய்னிங் படிக்கவைத்து, பிரான்சிஸுக்குக் கட்டிக்கொடுத்தவர் என் அண்ணன் சவரிமுத்து. அதே மலையில் தலைச்சோலை என்கிற ஊரில் அவருக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருந்தன. அவர் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: "உங்க இஷ்டமுங்கண்ணா." அதற்குப் பெயர் அடக்கம் என்று ஊரில் சொன்னார்கள். வாயில்லாப் பூச்சி என்றும் சொன்னார்கள். இரண்டும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

என் மகள் ஜெசி பிளஸ் டூ முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. அந்த மாதத்திலேயே அண்ணன் தன் மகன் சேவியருக்கு அவளைக் கேட்டார். படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என்றால் இல்லை என்று அர்த்தம், அது எல்லாருக்கும் தெரியும். சேவியர் நல்ல பையன். நான் சொல்லிப் பழகியதைச் சொன்னேன். ஜெசியைக் கேட்டார்கள். "உங்க இஷ்டம் மாமா" என்றாள். என் குரலில் அவள் பேசியது போல இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நர்சிங் கடிதம் பீரோவுக்குள் போனது. மாமன் மகன் என்பதால் ஆயரிடம் வாங்க வேண்டிய அனுமதியும் வந்துவிட்டது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசைகளில் மணமக்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதை ஓலை என்போம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று அது முடியும். யாரும் தெரிவிப்பதில்லை. அப்படியே இருந்தாலும் பூசை முடிந்து சாமியாரைத் தனியாகப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கோயிலில் யாரும் எழுந்து நிற்பது கிடையாது.

முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று நான் எழுந்து நின்றேன்.

"தடை இருக்குதுங்க சாமி. நான் பெத்தவ. எனக்கு இதுல சம்மதமில்லைங்க."

பூசைப் புத்தகத்தைப் பிடித்த கை நடுங்கியது. நெஞ்சு அடித்த வேகத்தில் தாலிச் சங்கிலி ஆடியது. ஆனால் பயமே இல்லை. நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாகத் துளிக்கூட பயமில்லாமல் இருந்தேன். அது எவ்வளவு இன்பமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்து, "என்னம்மணி இப்படிப் பண்ணிப்போட்ட" என்று அழுதார். நான் கையை உதறினேன்.

"உம் பையனுக்கு ஒரு செடிய ஒழுங்காக் கவாத்து பண்ணத் தெரியுமா? அவனுக்கு எம் புள்ளையக் குடுத்துட்டு நான் வேடிக்கை பாக்கோணுமா?"

அண்ணியை நான் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. அதோடு, சொன்னது பச்சைப் பொய். செடியின் கிளைகளைப் பார்த்துக் கழிக்கிற வேலையில் தலைச்சோலையிலேயே சேவியரைப் போல ஆள் கிடையாது. பெரிய எஸ்டேட்டுக்காரர்களே அவனைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அண்ணியின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதுவும் அப்போது எனக்கு நன்றாகவே இருந்தது.

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒருத்தர் மட்டும் என் கழுத்தைப் பார்த்திருக்கிறார். முன்பு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற செசிலியா அக்கா. அன்று மாலையே வீட்டுக்கு வந்து, "தண்ணியக் குடி, பாக்கறேன்" என்றார். குடித்தேன். விழுங்கும்போது கழுத்தின் முன்புறம் ஏறி இறங்கிய வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பிரான்சிஸிடம், "தம்பி, நாளைக்கே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இது காப்பி இல்லீங்க" என்றார்.

சேலத்தில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். கைகளை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் காற்றில் ஆடுவது போல ஆடியது. அறையில் காற்றாடி ஓடவில்லை. நாடி நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு.

"கோபம் அதிகமா வருதுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

பிரான்சிஸ் முந்திக்கொண்டார். "ஒரு கல்யாணமே நின்னு போச்சுங்க டாக்டர்."

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு (குரல்வளைக்குக் கீழே கழுத்தின் முன்புறம் இருக்கும் சிறு சுரப்பி) தேவைக்கு மேல் பல மடங்கு வேலை செய்வது தெரிந்தது. எனக்கு இருந்தது கிரேவ்ஸ் நோய் (உடம்பின் காவல் சக்தி தடம் மாறி, தைராய்டை ஓயாமல் தூண்டிக்கொண்டிருப்பது). சுரப்பியை அடக்கக் கார்பிமசோல் (தைராய்டு நீர் உற்பத்தியைக் குறைக்கும் மாத்திரை), படபடப்பைக் குறைக்கப் புரோப்ரனலால் (இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை). காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார், ஏனென்றால் முதல் மாத்திரை சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஒன்றரை வருடமாவது சாப்பிட வேண்டியிருக்கும் என்றார்.

செய்தி தலைச்சோலைக்குப் போனதும் அண்ணன் ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"நோய்தானா அம்மணி. நான் என்னமோ ஏதோன்னு நெஞ்சொடஞ்சு போயிட்டேன். நீ அப்படிப் பேசற ஆளே இல்லையேன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டே இருந்தேன். ஒடம்பு தேறட்டும் கண்ணு. சாமியார்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டாவது ஓலைய அப்புறம் வாசிச்சுக்கலாம்."

எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். அண்ணி, சாமியார், தலைமையாசிரியை, முன்வரிசைச் சிறுமியின் அம்மாகூட. கொத்தாகக் கிடைத்த அந்த மன்னிப்பு இதமாக இருந்தது. ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டேன்.

ஆறு வாரத்தில் நடுக்கம் குறைந்தது. மலையின் ராத்திரிக் குளிர் மறுபடியும் குளிராக உறைத்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்ட முதல் நாள் பிரான்சிஸ் ஜெபமாலை சொல்லி நன்றி கூறினார். நானும் மெல்ல மெல்லப் பழைய ஆளாக ஆனேன். பள்ளியில் யாராவது என் நாற்காலியில் உட்கார்ந்தால் நின்றுகொண்டேன். பஸ்ஸில் முழங்கை இடித்தால் நகர்ந்துகொண்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. என் ரத்த அறிக்கை ஒவ்வொன்றும் சரியாக ஆக ஆக இரண்டாவது ஓலை நெருங்கி வந்தது. நான் முழுதாகக் குணமானால் ஜெசிக்குக் கல்யாணம். கோயிலில் எழுந்து நின்றவளை டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த ஓலைக்கு எழுந்து நிற்க ஆள் இருக்காது.

அவள் யார் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். ஒரு டீச்சருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், கேள்வி கேட்பது. அந்த நான்கு மாதத்தில் நான் யாரிடமெல்லாம் கத்தினேனோ அவர்களிடமெல்லாம் போய், நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டேன். சங்கடப்பட்டார்கள். விட்டுவிடவில்லை.

தலைமையாசிரியை சொன்னது: "பிள்ளைங்களுக்கு ஒதுக்கற முட்டை சிறுசா இருக்குன்னு சண்டை போட்டீங்க டீச்சர். உண்மையிலயே சிறுசாத்தான் இருந்துச்சு." ஒண்டிக்கடைச் சந்திப்பில் இருக்கும் மளிகைக்காரர், நான் ஒன்றுமில்லாததற்கு அவர் அப்பாவை இழுத்துப் பேசியதாகச் சொன்னார். அவர் அப்பாவை நான் பார்த்ததுகூட இல்லை. பிரான்சிஸைக் கேட்டேன். அவர் வெகுநேரம் மப்ளரைச் சரிசெய்தார்.

"திட்டுன. நொம்பத் திட்டுன. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அப்பல்லாம் நீ என்ன நெனைக்கறேன்னு எனக்குத் தெரிஞ்சுது. இருவது வருசத்துல அந்த நாலு மாசந்தான் தெரிஞ்சுது."

ஆக, உண்மையும் இருந்தது, உளறலும் இருந்தது. இரண்டும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வந்திருந்தன. இதில் எது என்னுடையது, எது சுரப்பியுடையது என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. இரண்டாவது ஓலைக்கு நாள் குறிக்க அண்ணன் வரும் நாள் மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது நான் செய்ததை நீங்கள் யாரும் செய்யக் கூடாது. மாத்திரைகளை நிறுத்தினேன். இரண்டையும்தான். ஜன்னலுக்கு வெளியே மிளகுக்கொடி அடியில் புதைத்தேன். அண்ணன் வருவதற்குள் பழைய சூடு திரும்பிவிடும், ஒருமுறை பேசிவிட்டு மறுபடி சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். கோபத்தைக் கடன் வாங்கப் பார்த்தேன்.

சூடு திரும்பியது. நெஞ்சு அடித்தது, கை நடுங்கியது, வேர்த்தது. ஒவ்வொரு நாளும் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வந்தது பயம். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் பயம், வகுப்பறை வாசலைப் பார்த்தால் பயம். அண்ணன் வந்து நிற்பதை நினைத்தாலும் பயம். அதே உடம்பு, அதே படபடப்பு. கோயிலில் தைரியமாக இருந்தது இப்போது பயமாக இருந்தது. பதினோராம் நாள், ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் துடிப்பு தாறுமாறாகிக் கண் இருட்டியது. கீழே உட்கார்ந்தவளை யாரோ பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஜீப்பில், வளைவு வளைவாக மலையிறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பிரான்சிஸ் என் கையை விடாமல் வந்தார். நான் மாத்திரையை நிறுத்தியதை வழியிலேயே சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டு நாளில் துடிப்பு அடங்கியது. மருத்துவர் திட்டவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார். முழுக் கதையும் சொன்னேன். அவருக்கும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது போலும், வெளியே ஆட்கள் காத்திருந்தும் எழுந்து போகவில்லை.

"சுரப்பி வேகத்தை மட்டும்தாம்மா குடுக்கும்" என்றார். "அந்த வேகம் கோபமா பயமா சந்தோஷமான்னு அது முடிவு பண்றதில்லை. நீங்க எங்க நிக்கறீங்க, எதைப் பாத்துட்டு இருக்கீங்க, அதை வச்சு மனசு முடிவு பண்ணுது."

"அப்ப வார்த்தை என்னோடதுங்களா?"

"வேற யாரோடதா இருக்க முடியும்?"

"அப்படீன்னா எங்கண்ணிகிட்ட சொன்ன பொய்யும் என்னோடதுதானுங்களே?"

"எந்தக் கோபம் உங்க குணம், எது நோய்னு பிரிச்சுச் சொல்ல ரத்தத்துல டெஸ்ட் இல்லீங்க. இருந்தா எனக்கே ஒண்ணு எடுத்துக்குவேன். மாத்திரையச் சாப்பிடுங்க. நாடி அடங்கட்டும். அப்புறமும் அந்த வார்த்தையைச் சொல்லத் தோணுதான்னு பாருங்க."

அதைவிட எளிய சோதனை எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, சல்லடையில் சலிப்பது போல எனக்குள் சொல்லிப் பார்த்தேன். மளிகைக்காரரின் அப்பா உடனே விழுந்துவிட்டார். சேவியருக்குக் கவாத்து தெரியாது என்றதும் விழுந்தது, கூடவே வெட்கமும் வந்தது. எனக்கு இதில் சம்மதமில்லை என்பது விழவில்லை. அதைச் சொல்லும்போது நெஞ்சு வேகமாக அடிக்கவுமில்லை. சாதாரணமாக இருந்தது.

ஆனால் அதன் அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. கோயிலில் எழுந்து நின்றேனே, ஜெசிக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டேனா? அண்ணனும் கேட்டதாகப் பேர், நானும் கேட்கவில்லை. வேகத்தில் இருப்பவளுக்குப் பிறர் பதில் சொல்லும்வரை நிற்க நேரமில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவளோடு பீன்ஸ் உரித்துக்கொண்டே கேட்டேன்.

"கண்ணு, உனக்கு என்ன வேணும்?"

"உங்க இஷ்டம்மா."

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உன்னுதக் கேக்கறேன்."

அவள் அடுத்த பீன்ஸை எடுத்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் துணி உலர்த்தும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்குப் படிக்கோணும்மா. சேவியர் மாமா நல்லவங்க, ஆனா எனக்குக் கல்யாணம் வேண்டாம்." ஒரு புடவையைப் பிழிந்து முடித்துவிட்டு, "நீங்க கோயில்ல எந்திரிச்சது எனக்குப் புடிக்கல. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நொம்ப அழுகாச்சியா வந்துச்சு" என்றாள்.

இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதை ஏற்பது கஷ்டமாக இருந்தது. என் வாழ்க்கையிலேயே துணிந்து செய்த ஒரே காரியத்துக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்து அண்ணி. தலைச்சோலைக்கு நானே போனேன். சேவியர் தோட்டத்தில் இருந்தான், அவனையும் கூப்பிடச் சொன்னேன். அவனுக்கு முன்னால் வைத்தே, "அண்ணி, அன்னைக்கு நான் சொன்னது பொய்யிங்க. நோய் சொல்லல, நான்தான் சொன்னேன். உங்களை நோகடிக்கோணும்னு சொன்னேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். சேவியர் தரையைப் பார்த்து நின்றான். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டார்.

"அதுக்கென்னம்மணி. நீ தேறி வந்ததே போதும். அப்ப ரெண்டாவது ஓலைக்குச் சொல்லிடலாமில்ல?"

நான் ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கப் போனேன். நான் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட்டதாக அவர்கள் நினைத்துவிட்டார்கள். அங்கேயே மறுத்திருக்க வேண்டும். "அண்ணன்கிட்ட நான் பேசறேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பழைய குணம் லேசில் விடவில்லை.

அண்ணன் அந்த வாரமே வந்தார். சனிக்கிழமை காலை. பிரான்சிஸ் நாற்காலி போட்டார். ஜெசி உள்ளே நின்றாள். அண்ணன் உற்சாகமாக மண்டபம், விருந்து என்று பேசிக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கக் காத்திருந்தேன். நெஞ்சு உதவிக்கு வரவில்லை. கை நடுங்கவில்லை. நாடி எழுபத்திரண்டோ எழுபத்து நாலோ, கடிகாரம் போல அடித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியான உடம்போடு ஒரு சொல்லை வெளியே தள்ளுவது, வண்டியில்லாமல் மலையேறுவது போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்த முகம். பயம் இருந்தது. பயம் இருக்கும்போதே சொன்னேன்.

"வேண்டாமுங்கண்ணா. ஜெசி படிக்கட்டும். அவளுக்கும் விருப்பமில்லீங்க, எனக்கும் இல்லீங்க."

அண்ணன் பேச்சை நிறுத்தினார். முதலில் பிரான்சிஸைப் பார்த்தார். பிரான்சிஸ், "ஆமாங்க மச்சான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அண்ணன் என் கண்களைப் பார்த்தார். அவை எப்போதோ சரியாகியிருந்தன.

"இன்னைக்கு மாத்திரை போட்டியா அம்மணி?"

"போட்டேங்கண்ணா. காலையிலயே."

"அப்ப கோயில்ல பேசுனதும் நீதானா?"

ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நோய் செய்ததை மன்னிக்க அவர் தயாராக இருந்தார். நான் செய்ததை மன்னிப்பது வேறு காரியம். உடம்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கல்யாணமும் தள்ளிப்போயிருக்கும், அண்ணனும் என்னை விட்டுப் போயிருக்க மாட்டார்.

"ஆமாங்கண்ணா. நான்தானுங்க."

அவர் தலையை ஆட்டினார். காப்பியைத் தொடாமல் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் கைகள் நடுங்கின. அவருக்குத் தைராய்டு கிடையாது.

ஜெசி அந்த ஆண்டே மறுபடியும் விண்ணப்பித்து, இடம் கிடைத்துக் கோயம்புத்தூருக்குப் போனாள். சேவியருக்கு வேறிடத்தில் பெண் பார்த்தார்கள். அந்தக் கல்யாணத்தன்று நாங்கள் கோயிலுக்கு மட்டும் போய் வந்தோம். இப்போது எங்கேயாவது பார்த்தால் அண்ணி சிரிக்கிறார். அண்ணன் தலையை மட்டும் அசைக்கிறார்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மாத்திரைகளை மருத்துவரே நிறுத்தினார். நோய் திரும்பி வரலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து வருகிறேன். கை நடுங்கினால் உடனே கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். காப்பி மறுபடியும் குடிக்கிறேன்.

மாறியது ஒன்றுதான். முன்பெல்லாம் கோபமே வராதவள் என்று என்னை நினைத்திருந்தேன். அது உண்மையில்லை. எனக்குக் கோபம் மெதுவாக வருகிறது. காலையில் நடந்ததற்குச் சாயங்காலம் வரும், சிலசமயம் மறுநாள் வரும். நோயில் அது சொல்லுக்கு முன்னால் ஓடி வந்தது. நோய்க்கு முன்னால் அது வரும்வரை நான் காத்திருந்ததே இல்லை, அதற்குள் சரி என்று சொல்லிவிடுவேன். இப்போது யாராவது எதையாவது கேட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்கிறேன். உடம்பில் கோபம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது என் குணம், எது சுரப்பி என்று இன்னும் முழுதாகத் தெரியாது. தெரியாமலே பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

அண்ணன் முன்பு ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவார். இப்போது வருவதில்லை. நானும் பிரான்சிஸும் சீக்கிரமே சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். ஞாயிறு மத்தியானம் நாலு மணி ஆக வெகுநேரம் பிடிக்கிறது.